நிலை 3 என்றால் மூன்றாம் வகுப்பு இல்லை

புத்தகத்தின் பின்னட்டையில் 'நிலை 3' என்று இருந்தால் அது மூன்றாம் வகுப்புக்கு, ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கு அதை வாங்கினால் காசு வீண் என்று மேலே ஒருத்தர் எழுதியிருக்கிறார், அது தப்புங்க. பிரதம் புக்ஸ் என்கிற சிறுவர் நூல் பதிப்பகம் போடுகிற நிலைகள் வாசிப்புத் திறனைப் பார்த்துப் போடுவது. முதல் நிலை ஏறக்குறைய 250 சொல்லுக்குள், இரண்டாவது 600 வரை, மூன்றாவது 1500 வரை, அதுவும் தானாகவே வாசிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு. நான்காவதோடு வரிசை முடிந்துவிடுகிறது, நிலை என்பது வகுப்புதான் என்றால் அப்போ ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எதைத்தான் படிப்பது?

நம்ம அரசுப் பள்ளி வாசிப்பு இயக்கப் புத்தகங்களிலும் நுழை, நட, ஓடு, பற என்றுதான் பிரித்திருக்கிறார்கள், வகுப்பு எண் போடவில்லை. எட்டாவது படிக்கிற பையன் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான் என்றால் 'நுழை'யில் தொடங்கட்டும், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரு நூல் வாசிக்க எவ்வளவு கடினம் என்று காட்டுகிற லெக்சைல் எண்ணையும் அவர் வயதோடு முடிச்சுப் போட்டிருக்கிறார். அது ஆங்கில நூலின் வாக்கிய நீளத்தையும் சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் இருப்பவை என்பதையும் வைத்து வருவது, கதை எந்த வயதுக்குப் பொருந்தும் என்று அது பார்ப்பதே இல்லை. புதுச்சேரியில் சில பெற்றோர் தமிழ்ப் புத்தகத்துக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள் (கடைக்காரர் பாவம்). புத்தகத்தைப் பிள்ளை கையில் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள், தடுமாறினால் நீங்கள் வாசித்துக் காட்டுகிற புத்தகமாக வாங்கிக்கொள்ளலாம்.