அது காய்வள்ளி அல்ல

“காட்டோரக் கொடிகளில் தொங்குவது நம்மூர்க் காய்வள்ளிதான், வேகவைத்துச் சாப்பிடலாம்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. காய்வள்ளி என்பது கொடியிலேயே கிழங்குபோன்ற காய்கள் தொங்கும் வள்ளி வகை. தவறு. சிங்கப்பூர்க் காட்டோரங்களில் மரங்களை மூடிப் படரும் இத்தகைய கொடி பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சான்சிபார் வள்ளி (Zanzibar yam). அதன் காயும் கிழங்கும் நச்சு. வேகவைத்துவிட்டோம் என்று நம்பி வாயில் வைக்காதீர்கள்.

இலை நுனியைப் பாருங்கள். வால்போல் நீண்டு தடித்திருந்தால் சான்சிபார் வள்ளி. நுனி குட்டையாக இருப்பதால் மட்டும் உண்ணத் தக்கது என்று ஆகிவிடாது. காட்டுக் காய்வள்ளியிலும் நச்சு வகைகள் உண்டு.

சொந்தத் தோட்டத்தில் முளைத்தால் கையுறை அணிந்து, முதலில் காய்களைப் பறித்துப் பையில் கட்டுங்கள். கொடியை முதலில் இழுத்தால் காய்கள் உதிரும், ஒவ்வொன்றும் புதுக்கொடியாகும். பிறகு கிழங்கை முழுதாகத் தோண்டுங்கள். எல்லாம் குப்பைக்கே, உரக்குழிக்கு வேண்டாம். பூங்காவில் கண்டால் கைவைக்காமல் தேசியப் பூங்காக் கழகத்திடம் சொல்லுங்கள்.