கை டாக்கிலிருந்து செக் லாப் கோக்குக்கு

ஹாங்காங் விமான நிலையம் நகருக்குள் இருந்த கை டாக்கிலிருந்து செக் லாப் கோக் தீவுக்கு இடம் மாறியதைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அது செலவைத்தான் விரிவாகப் பேசுகிறது. மண்வேலையையும் முதல் நாள் நடந்ததையும் சேர்த்திருக்க வேண்டும்.

கை டாக்கில் ஓடுபாதை ஒன்றே ஒன்று. சுற்றிலும் அடுக்குமாடிகள், விரிவாக்க இடமே இல்லை. செக் லாப் கோக்கில் தீவைத் தகர்த்த பாறையைக் கடலில் கொட்டுமுன், அடியில் இருந்த மென்சேற்றில் பெரும்பகுதியைத் தோண்டி எடுத்தார்கள். ஜப்பானில் கடலை நிரப்பிக் கட்டிய கான்சாய் விமான நிலையத்தில், கடலடிக்கு வெகு ஆழத்தில் உள்ள களிமண் அடுக்குகள் அமுங்குவதால் தீவு இன்றும் அமிழ்கிறது. முனையத்தின் தூண்களை ஜாக்கியால் தூக்கி, அடியில் இரும்புத் தகடு சொருகிச் சமன்படுத்துகிறார்கள். 

1998 ஜூலை 5 நள்ளிரவோடு கை டாக்கை மூடி, 6ஆம் தேதி காலை புதியதை முழுசாகத் திறந்தார்கள். விமானத் தகவல் திரைகள் தடுமாறின. எந்த வாயிலில் எந்த விமானம் என்று பயணிகளுக்கும் தெரியவில்லை, பெட்டி இறக்குவோருக்கும் தெரியவில்லை. அதைவிட மோசம் சரக்கு முனையம். தானியங்கி அடுக்குகளில் எந்தப் பெட்டி எங்கே என்ற கணினிப் பதிவே குலைந்தது. மீனும் பழமும் அழுகின. சரக்கு வேலையைத் தற்காலிகமாகக் கை டாக்குக்கே திருப்ப வேண்டியதாயிற்று. பழைய கொட்டகை இன்னும் இடிபடாமல் இருந்ததால்தான் அதுவும் முடிந்தது.