காரம் விதையில் இல்லை

"மிளகாயின் காரம் முழுவதும் விதையில்தான், விதையை உதிர்த்தால் காரம் போய்விடும்" என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இத்தனை பேர் ஆமாம் போட்டிருப்பதால் சொல்கிறேன்: அது தவறு. காரத்தின் பெரும்பங்குக்குக் காரணமான கேப்சைசினும் டைஹைட்ரோகேப்சைசினும் உருவாவது, விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய உள்தசையில். விதையில் இருக்கும் காரம் பெரும்பாலும் அந்தத் தசையில் உரசிப் பூசிக்கொண்டதுதான். விதையை நீக்கினால் காரம் குறைவது உண்மையே. ஆனால் கூடவே தசையும் பிய்ந்து வருவதால்தான் குறைகிறது. விதையை மட்டும் தட்டி உதிர்த்துவிட்டுத் தின்று பாருங்கள், நாக்கே தீர்ப்புச் சொல்லும்.

அவரே எழுதியிருக்கும் "கேப்சைசின் நாக்கைப் பொசுக்குகிறது" என்பதும் சரியல்ல. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பியில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. சூடு பட்டதாக மூளை ஏமாறுகிறது. பறவைகளின் ஏற்பி இதற்கு மசிவதில்லை. அவை பழத்தைச் சாவகாசமாகத் தின்று விதையைப் பரப்புகின்றன. எரிச்சல் தணியத் தண்ணீர் குடிக்கலாம் என்ற யோசனையும் வீண். கேப்சைசின் நீரில் அநேகமாகக் கரைவதில்லை. பால் குடியுங்கள், அதன் கேசின் புரதம் அதைப் பற்றிக்கொண்டு போகும்.