மேல்மடைக்காரர்கள் ஷட்டரை இறக்கவில்லை

“மேல்மடைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஷட்டரை இறக்கிவிட்டார்கள், நம் கார் நெல் பயிர் போச்சு” என்று ஓர் ஆடியோ எங்கள் கால்வாய் ஊர்களில் சுற்றுகிறது. அதாவது, கால்வாயில் எங்களுக்கு மேலே உள்ள ஊர்க்காரர்கள் மடைக் கதவை மூடித் தண்ணீரைத் தடுத்துவிட்டார்களாம். அது தவறு. இன்று காலை மடைக்கே போய்ப் பார்த்தேன். ஷட்டர் திறந்துதான் இருக்கிறது. திருகில் சிலந்தி வலைகூடக் கலையவில்லை. மேல்மடை வயல்களிலும் வெடிப்புதான்.

தென்மேற்குப் பருவமழை தள்ளிப்போனால் பாபநாசம் அணைக்கு வரத்து குறையும், அப்புறம் அங்கிருந்து நம் கால்வாய்க்குத் தண்ணீர் திறப்பும் குறையும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். பருவம் இப்படித் தாறுமாறாகும்போது பக்கத்து ஊரைச் சந்தேகிப்பது எளிது. அதுதான் எனக்குப் பயம்.

143 அடி பாபநாசம் அணையில் இன்று எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, வரத்து எவ்வளவு என்பது தினமும் நாளிதழில் வருகிறது, பாருங்கள். அந்த ஆடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். சந்தேகமிருந்தால் நாளை காலை மடைக்கு வாருங்கள், இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்தே பார்ப்போம்.