சாம்பாருக்கு ஒரு பை, சட்னிக்கு ஒரு பை

நாலு இட்லி பார்சல் வாங்கினால் கூடவே என்னென்ன வீட்டுக்கு வருகிறது தெரியுமா? சாம்பாருக்கு ஒரு பிளாஸ்டிக் பை, இரண்டு சட்னிக்கு இரண்டு பை, இட்லிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தாள், எல்லாவற்றையும் போட்டுக் கொடுக்க இன்னொரு பை. தமிழ்நாட்டில் பையும் தாளும் 2019 ஜனவரி 1 முதல் தடை! கொதிக்கிற சாம்பாரை ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி நூல் கட்டுகிற அந்தக் கைவேகத்தை மட்டும் எந்தத் தடையும் தொடவில்லை.

சரி, தூக்குவாளி கொண்டுபோனால்? "அளவு தெரியாது சார்" என்கிறார்கள். ஒரு புண்ணியவான், ஏற்கெனவே கட்டிவைத்த பையைப் பிரித்து என் வாளியில் ஊற்றிவிட்டு, பையைக் குப்பையில் போட்டார். உதவி செய்த பெருமிதத்தில் ஒரு சிரிப்பு வேறு.

அப்புறம் துணிக்கடையில் தரும் அந்தத் 'துணிப்பை'. தொட்டால் துணி மாதிரிதான் இருக்கும். பெரும்பாலும் அது பாலிபுரோப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். அதுவும் தடைப்பட்டியலில் இருக்கிறது. மொட்டை மாடி வெயிலில் கொஞ்ச நாள் கிடந்தால் பொடிப்பொடியாக உதிரும்.

நமக்கு மட்டும் 'பிரித்துப் போடு, மறுசுழற்சிக்குக் கொடு' என்று பாடம். பால் கவரைக் கழுவிக் கொடுத்தால் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்கிக்கொள்கிறார். எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும் சாம்பார்ப் பையை யார் வாங்குவார்?

கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரம் வைத்தார்கள். நல்ல விஷயம்தான். மஞ்சப்பையில் சாம்பார் வாங்க முடியாதே!