பெரியாஸ்பத்திரியின் வரலாறு கல்வெட்டில் இல்லை, ரிஜிஸ்டரில் இருக்கிறது

"1664-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரி" என்று எழுதுகிறார்கள், பகிர்கிறார்கள். தவறு. 1664-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எட்வர்ட் விண்டர் காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் தொடங்கியது பெரியாஸ்பத்திரி எனப்படும் சென்னை அரசு பொது மருத்துவமனை மட்டும்தான், அதுவும் நோயில் விழுந்த கம்பெனிச் சிப்பாய்களுக்காக. சென்ட்ரலுக்கு எதிரே இப்போதுள்ள இடத்துக்கு அது வந்தது 1772-இல். கவர்னர் பிரெடரிக் ஆடம் மருத்துவப் பள்ளியைத் திறந்தது 1835 பிப்ரவரி 2. பள்ளி கல்லூரியானது 1850 அக்டோபரில். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் நடுவே 171 ஆண்டுகள் கிடக்கின்றன. அங்கே முதலில் வந்தவர் நோயாளி. மாணவர் வந்தது வெகு காலம் கழித்து.

பெருமைப்பட ஓர் ஆண்டு வேண்டுமென்றால் 1875-ஐ எடுங்கள். மேரி ஷார்லீப் உட்பட நான்கு பெண்களை அந்தக் கல்லூரி சேர்த்துக்கொண்டது. எடின்பரோ பல்கலைக்கழகம் மருத்துவம் படிக்க வந்த பெண்களுக்குப் பட்டம் தர மறுத்திருந்த காலம் அது. பர்தா முறையில் வாழ்ந்த பெண்களுக்கான திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி உருவானதில் இதே ஷார்லீப்புக்குப் பெரும் பங்கு உண்டு. 1912-இல் முத்துலட்சுமி ரெட்டி படித்து வெளியே வந்ததும் இதே கல்லூரியிலிருந்துதான்.

ஆனால் பெயர்களும் திறப்பு விழாத் தேதிகளும் வரலாற்றின் மேல்தோல்தான். என்ன காய்ச்சலோடு வந்தார்கள், எத்தனை நாள் படுத்திருந்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதெல்லாம் அட்மிஷன் ரிஜிஸ்டரிலும் ஆபரேஷன் ரிஜிஸ்டரிலும் பிரேதப் பரிசோதனைப் புத்தகத்திலும்தான் இருக்கும். எந்தப் பழைய ஆஸ்பத்திரியிலும் முதலில் குப்பைக்குப் போவது அவைதான். அதுதான் என் ஆதங்கம்.

காப்பாற்றுகிறேன் என்று கெடுப்பதும் நடக்கிறது. லேமினேஷன் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிப்பது பெரும்பாடு, காகிதத்தின் அமிலமும் உள்ளேயே தங்கி வேலை செய்யும். செல்லோடேப்பின் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும். பைண்டிங் கடையில் பூச்சி வராமலிருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். பூச்சி வராதுதான், ஆனால் துத்தம் காகிதத்தை நொறுக்கிவிடும். பழைய மையில் இரும்புச் சத்து உண்டு. எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை விழுந்திருந்தால் பூச்சியைப் பழிக்காதீர்கள், மை அரித்தது அது.

செய்ய வேண்டியது எளிது. முதலில், இருக்கிற நிலையிலேயே பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். மென்மையான பிரஷால் நடுத்தையலிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டுங்கள். துருப்பிடித்த ஸ்டேப்ளர் ஊசியைப் பிடுங்கினால் காகிதமும் கூடவே வரும். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி, ஊசியின் காலை நிமிர்த்தி, மெதுவாக நழுவவிடுங்கள். கிழிசலுக்கு மெல்லிய ஆனால் உறுதியான ஜப்பானியத் திசுத்தாளும் துத்தம் சேராத கோதுமை ஸ்டார்ச் பசையும் போதும். பக்க எண்ணைப் பென்சிலால் மட்டுமே எழுதுங்கள். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நின்றால் பூஞ்சை பிடிக்கும். ஆகவே ஈரம் ஏறும் சுவரை ஒட்டியோ தரையிலோ அடுக்காதீர்கள். சென்னை மழைக்காலத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

நோயாளியின் பெயர் தெரியும் பக்கங்களை முகநூலில் போடாதீர்கள். எத்தனை பழைய நோயாளியானாலும் அவருக்குப் பேரன் பேத்திகள் இருக்கலாம்.

தாத்தாவோ பாட்டியோ சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவரென்றால், வார்டில் பார்த்த நோயாளிகளைப் பற்றி எழுதிய வார்டு நோட்டு வீட்டுப் பரணில் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் எந்த ஆண்டு, எந்த யூனிட் (மருத்துவக் குழு), அதன் தலைமை மருத்துவரான சீஃப் யார் என்பதைத் தனித்தாளில் எழுதி உள்ளே வையுங்கள். இந்த மூன்றும் தெரியாத நோட்டை ஆய்வாளர் எதனோடும் பொருத்திப் பார்க்க முடியாது.