ஜெபர்சன் கட்சி வேறு, லிங்கன் கட்சி வேறு

“அமெரிக்காவின் இன்றைய குடியரசுக் கட்சியைத் தொடங்கியவரே ஜெபர்சன்தான், முதல் அதிபர் வாஷிங்டன் காலத்தில் கட்சிச் சண்டையே கிடையாது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி, பெயரால் வந்த குழப்பம். ஜெபர்சனும் மேடிசனும் 1790களில் கட்டிய கட்சியையும் ‘ரிபப்ளிகன்’ (குடியரசு) என்றுதான் அழைத்தார்கள், சரி. ஆனால் அது 1820களில் உடைந்து, ஒரு பிரிவு ஆண்ட்ரூ ஜாக்சன் தலைமையில் ஜனநாயகக் கட்சியானது. இப்போதுள்ள குடியரசுக் கட்சி, அதாவது லிங்கனின் கட்சி, புதிய பிரதேசங்களுக்கு அடிமைமுறை பரவுவதை எதிர்த்து 1854இல் பிறந்தது. ஜெபர்சன் இறந்து அப்போது 28 ஆண்டுகள்!

அப்புறம் வாஷிங்டன். அவர் எந்தக் கட்சியிலும் சேரவில்லை, உண்மைதான். ஆனால் சண்டை அவருடைய அமைச்சரவைக்குள்ளேயே நடந்தது. நிதியைக் கவனித்த ஹாமில்டன் தேசிய வங்கி வேண்டும் என்றார்; வெளியுறவைக் கவனித்த ஜெபர்சன் கூடாது என்றார். அதோடு விட்டாரா? 1791இல் பிலிப் ஃபிரனோ என்ற கவிஞரை ஆண்டுக்கு 250 டாலர் சம்பளத்தில் தன் துறையில் மொழிபெயர்ப்பாளராகப் போட்டார். அந்தக் கவிஞர் தொடங்கிய ‘நேஷனல் கெசட்’ வாரம் இரண்டு முறை வெளிவந்து ஹாமில்டனை வறுத்தெடுத்தது. அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டே அரசைத் திட்டுகிறாரே என்று ஹாமில்டனும் புனைபெயரில் எழுதித் தள்ளினார்.